சித்தியும் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவும்

அன்புள்ள நேயர்களுக்கு வணக்கம்.

2020 ஆகஸ்ட் 19, இரவு. அமெரிக்காவில் கமலா ஹாரிஸ் துணை அதிபர் வேட்பாளராக நின்று பேசுகிறார். கொரோனா காலம், எதிரே கூட்டம் கிடையாது. அப்போது நான் அங்கே ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். தன் குடும்பம் என்றால் யார் யார் என்று அவர் வரிசையாகச் சொல்லிக்கொண்டே வருகிறார். அங்கிள், ஆன்ட்டி என்றவர், அடுத்து "சித்தி" என்றார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

உடனே போன் அடித்தது. நூலகத்தில் பக்கத்து மேசைத் தோழி, கறுப்பினப் பெண், என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். அவரும் அழுதுகொண்டிருக்கிறார். "கேட்டாயா?" என்றார். "கேட்டேன், சித்தி என்று சொன்னாரே!" என்றேன். "சித்தியா? அது என்ன? நான் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவைச் சொல்கிறேன்!" என்றார்.

அந்த வரி என் காதிலேயே விழவில்லை. மறுபடி போட்டுக் கேட்டேன். இருக்கிறது. சித்திக்கு அடுத்து, தன்னை வளர்க்க உதவிய பக்கத்து வீட்டு திருமதி ஷெல்டன். அதற்கு அடுத்து "என் பிரியமான ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா". ஒரே பேச்சு, ஒரே மூச்சு. எனக்கு ஒரு சொல் கேட்டது, அவருக்கு வேறொரு சொல் கேட்டது. யார் வளர்த்தார்களோ அவர்கள் பழக்கிய காது அது. இன்றைக்கு நான் பேச வந்தது இந்த ஒரு விஷயத்தைத்தான்.

ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா ஒரு சொராரிட்டியின் பெயர். சொராரிட்டி என்பது அமெரிக்கக் கல்லூரிகளில் பெண்கள் சேரும் சகோதரி மன்றம். பெயருக்கு இரண்டு மூன்று கிரேக்க எழுத்துகள் இருக்கும். வெள்ளையர் சொராரிட்டிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டன. அவற்றில் அன்றைக்குக் கறுப்பினப் பெண்களுக்கு இடம் கிடையாது. 1908 ஜனவரியில் வாஷிங்டனில் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் ஒன்பது மாணவிகள் சேர்ந்து தொடங்கியதுதான் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா. கறுப்பினப் பெண்களின் முதல் சொராரிட்டி அது. அங்கேயே 1913-இல் டெல்டா சிக்மா தீட்டா வந்தது. தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அந்தப் பெண்கள் தலைநகரில் நடந்த வாக்குரிமைப் பேரணியில் போய் நின்றார்கள். பிறகு 1920-இல் ஜீட்டா ஃபை பீட்டா. 1922-இல் இண்டியானாபொலிஸ் நகரில் ஏழு பள்ளி ஆசிரியைகள் தொடங்கிய சிக்மா காமா ரோ. கறுப்பின ஆண்களின் ஐந்து மன்றங்களையும் சேர்த்து ஒன்பது. 'டிவைன் நைன்' என்பார்கள், தெய்விக ஒன்பது.

சரி, தெரியாதவருக்கு இது வெறும் பட்டியல். தெரிந்தவருக்கு எப்படி இருக்கும்? நம் ஊரில் கார்த்திகை பிறந்ததும் கறுப்பு வேட்டியும் துளசி மாலையுமாகச் செருப்பில்லாமல் ஒருவர் பஸ்ஸில் ஏறுகிறார். "சாமி, இப்படி உட்காருங்க" என்று இடம் விடுகிறோம். அவர் யாரென்று நமக்குத் தெரியாது, ஆனாலும் 'சாமி'தான். இதை யார் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்? எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. பாட்டி கையைப் பிடித்துக்கொண்டு நடந்த வயதில் தானாக வந்தது.

அதே மாதிரிதான் அங்கேயும். ஒருநாள் நானும் தோழியும் கார் நிறுத்துமிடத்தில் நடந்துகொண்டிருந்தோம். ஒரு காரின் நம்பர் பிளேட்டைச் சுற்றி இளஞ்சிவப்பும் ஆப்பிள் பச்சையும் கலந்த சட்டம். ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவின் நிறங்கள் அவை. தோழி நின்றார். "ஸ்கீ வீ" என்று உச்சக் குரலில், ஒரு பறவை கூப்பிடுகிற மாதிரி, ஒரு குரல் கொடுத்தார். காரிலிருந்து இறங்கிய அம்மாவும் அதே குரலில் பதில் கொடுத்தார். இரண்டு பேரும் கட்டிக்கொண்டார்கள். "தெரிந்தவரா?" என்று கேட்டேன். "இல்லையே, சொரோர்" என்றார். சகோதரி என்று அர்த்தம். அந்த நிறத்தையும் அந்த எழுத்துகளையும் இருபது வருஷமாகத் தினமும் கடந்து போயிருக்கிறேன். பார்த்ததே இல்லை.

அவருக்கு அது எப்படி வந்தது என்று அப்புறம் ஒருநாள் கேட்டேன். பாட்டியிடமிருந்து என்றார். பாட்டி மிசிசிப்பியில் பருத்திக்காட்டுக் குடும்பத்துப் பெண், கல்லூரி வாசலை மிதிக்காதவர். 1935 முதல் சில வருஷங்கள் கோடைக்காலத்தில் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா பெண்கள் அங்கே இலவச மருத்துவ முகாம் நடத்தினார்கள். வேலையாட்களை முகாமுக்கு அனுப்ப நிலக்காரர்கள் மறுத்தார்கள். அதனால் கார்களிலேயே மருந்தை ஏற்றிக்கொண்டு காடு காடாகப் போனார்கள். சின்னப் பெண்ணாக இருந்த பாட்டிக்குத் தடுப்பூசி போட்டது அப்படி வந்த ஒரு காரின் பக்கத்தில் நின்றுதான். "நல்ல செருப்புப் போட்ட கறுப்புப் பெண்களை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்" என்று பாட்டி சொல்வாராம். பேத்தி கல்லூரிக்குப் போனபோது எங்கே சேர வேண்டும் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த மன்றம் பட்டம் வாங்கியதோடு முடிவதில்லை, ஆயுள் முழுக்க. ஊருக்கு ஊர் பட்டம் முடித்தவர்களின் கிளைகள் உண்டு. சர்ச்சில் பார்க்கிற ஆசிரியை, கல்விக்கு உதவித்தொகை கொடுக்கிற அம்மா, இவர்களெல்லாம் ஏதோ ஒன்றில் உறுப்பினராக இருப்பார்கள். கல்லூரி என்றால் என்னவென்று தெரிவதற்கு முன்பே பிள்ளைகளுக்கு அந்த நிறங்கள் தெரிந்துவிடும். தோல் நிறத்தால் வருகிற அறிவு இல்லை இது. நைஜீரியாவிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகள் ஒருத்தி எங்கள் நூலகத்தில் பகுதிநேர வேலை செய்தாள். அவளும் கறுப்பினப் பெண்தான். கல்லூரிக்கு வந்த பிறகுதான் அவளுக்கே இதெல்லாம் தெரிந்தது.

கமலா ஹாரிஸை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா சியாமளா கோபாலன் 1958-இல் பத்தொன்பது வயதில் பெர்க்லிக்குப் படிக்க வந்தவர். அவர் வளர்ந்த வீட்டில் சொராரிட்டி என்ற பேச்சே இருந்திருக்காது. ஆனால் மகள்களைக் கறுப்பினச் சமூகத்தின் நடுவில் வைத்து வளர்த்தார். கமலா 'ஆன்ட்டி' என்று அழைத்த அம்மாவின் தோழி ஒருவர் ஹோவர்டில் படித்து இதே சொராரிட்டியில் சேர்ந்தவர். கமலாவும் ஹோவர்டில் படித்தபோது 1986-இல் இதே சொராரிட்டியில் சேர்ந்தார். சித்தி தாய் வழி வந்தது, இது தெரு வழி வந்தது. இரண்டையும் அவர் குடும்பம் என்றே சொன்னார், இரண்டும் குடும்பம்தான்.

அந்த வேட்பாளர் அறிவிப்பை ஒட்டிப் பிரசார நிதிக்கு 19 டாலர் 8 சென்ட், 19 டாலர் 8 சென்ட் என்று நன்கொடை குவிந்தது. ஏன் அந்தத் தொகை? 1908! என் தோழியும் அனுப்பினார். எனக்கு அது ஒரு எண், அவருக்கு அது பிறந்த வருஷம் மாதிரி.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். வெள்ளையர் சொராரிட்டிகளைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். அலபாமா பல்கலைக்கழகத்தில் 2013-இல்கூடக் கறுப்பின மாணவிகளை அவை ஒதுக்குவதை மாணவர் பத்திரிகைதான் எழுதி வெளியே கொண்டுவந்தது. அந்த மாதத்திலேயே கதவு திறக்க வேண்டியதாயிற்று. தெற்காசியப் பெண்களுக்கென்றும் 1998-இல் நியூயார்க்கிலும் ஹூஸ்டனிலும் சொராரிட்டிகள் தொடங்கின. அங்கே இருக்கிற நம் வீட்டுப் பெண்கள் சிலர் அவற்றில் இருக்கிறார்கள். அடுத்த முறை போனில் பேசும்போது கேட்டுப் பாருங்கள். வணக்கம்.