நாலு கெட்டவர் செய்ததா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். "காவல் மரணங்களுக்குப் பெரிதும் காரணம் தனிமனிதக் கொடூரமா, காவல்துறை நடைமுறையா?" என்பது தலைப்பு. எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், "எந்தத் துறையிலும் நாலு கெட்டவர் இருப்பார், அவர்களைத் தண்டித்தால் போதும்" என்றார். தண்டிக்கத்தான் வேண்டும். அதில் நமக்குள் சண்டை இல்லை.

சரி, 2020 ஜூனில் சாத்தான்குளம் போலீஸ் ஸ்டேஷனில் தந்தை ஜெயராஜையும் மகன் பென்னிக்ஸையும் அடித்தவர்கள் சிலர் என்றே வைத்துக்கொள்வோம். அப்புறம் நடந்ததைப் பாருங்கள். அடிபட்டு வந்த இருவரையும் சிறைக்கு அனுப்பலாம் என்று மருத்துவச் சான்று வந்தது. மாஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்து, சிறையில் வைக்க உத்தரவிட்டார். சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கோவில்பட்டி கிளைச்சிறை அவர்களை வாங்கிக்கொண்டது. மூன்று வாசலிலும் யாரும் தடுக்கவில்லை. இருவரும் இறந்த பிறகு விசாரிக்கப் போன வேறொரு மாஜிஸ்திரேட், ஸ்டேஷன் கேமராவைப் பார்த்தார். ஒரு டெராபைட் இடம் இருந்தும், பதிவு தினமும் தானாக அழியும்படி செட்டிங் வைத்திருந்தார்கள். கோபத்தில் கை ஓங்கியவர் செய்கிற வேலையா இது?

ஏன் அடிக்கிறார்கள்? திருட்டு வழக்கென்றால் 'ரெக்கவரி', அதாவது களவுபோன பொருளை மீட்டதாகக் காட்டியாக வேண்டும். போலீசிடம் தந்த வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. ஆனால் அதைக்கொண்டு பொருள் கிடைத்துவிட்டால், அந்தப் பகுதி மட்டும் செல்லும். பழைய சாட்சியச் சட்டத்தின் 27ஆவது பிரிவு இது. புதிய சட்டத்திலும் தொடர்கிறது. துப்புத் துலக்க நாள் ஆகும், அடித்தால் ராத்திரிக்குள் முடிந்துவிடும் என்ற எண்ணம் இங்கிருந்துதான் வருகிறது. அதுவும் யாரை? வக்கீலுக்குப் போன் போட முடியாதவரை.

2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமாருக்கு நடந்தது அதேதான். காரில் இருந்த நகையைக் காணோம் என்று புகார். போலீஸ் தனிப்படை அவரைக் கொண்டுபோனது. கோயிலுக்குப் பின்னால் தடியால் அடித்ததை ஒருவர் மறைந்திருந்து மொபைலில் எடுத்தார். போலீஸ் சொன்ன முதல் கதை, தப்பி ஓடி விழுந்து வலிப்பு வந்தது என்பது. உடற்கூறாய்வில் 44 காயங்கள். வலிப்பு, நெஞ்சுவலி, பாத்ரூமில் வழுக்கி விழுந்தார் என்று இந்தக் கதைகளை எத்தனை வருடமாகக் கேட்கிறோம், நடுவர் அவர்களே!

அந்த மரணத்துக்குப் பிறகு, மாநிலம் முழுவதும் முறையான அனுமதியில்லாமல் இயங்கிய தனிப்படைகளைக் கலைக்கச் சொல்லி டி.ஜி.பி.யே உத்தரவு போட்டார். நாலு பேர் தப்பு மட்டும்தான் என்றால், மற்ற மாவட்டத் தனிப்படைகளை எதற்காகக் கலைத்தார்கள்? எதிரணி நண்பர் இதற்குப் பதில் சொல்லட்டும்.