யானையோடு அங்குசமும்

பேராயர் அய்யா அவர்களே, பேராயரம்மா அவர்களே, குருசேகரத் தலைவர் அய்யா அவர்களே, மலாவி ஊழியம் முடித்துச் சுகமாய்த் திரும்பி முன்வரிசையில் அமர்ந்திருக்கும் குழுவினரே, பெண்கள் ஐக்கிய சங்கத்துத் தாய்மார்களே, மைக் செட் தம்பி உட்பட அனைவருக்கும் ஸ்தோத்திரம். சால்வை போர்த்திய செயலர் அய்யாவுக்குத் தனி நன்றி. இந்த வெயிலுக்குச் சால்வை கொஞ்சம் கனம்தான்.

தண்ணீர், சுவிசேஷம், மொழி என்று மூன்று காரியம் பேச வந்தேன். தண்ணீரில் தொடங்குகிறேன்.

யானை வாங்கினவன் அங்குசம் வாங்கத் தயங்கலாமா? நம் சபைகள் வெளிநாட்டில் போர்வெல் போட்டு, ஜெபித்து, படம் எடுத்துத் திரும்பிவிடுகின்றன. பம்பில் தேய்கிற வாஷருக்குக் காசு ஒதுக்குவதில்லை.

1875-இல் ஸ்காட்லாந்து மிஷனரிகள் இன்றைய மலாவிக்கு ‘இலாலா’ என்ற நீராவிப் படகைக் கொண்டு போனார்கள். ஆப்பிரிக்காவில் ஊழியம் செய்த மிஷனரி டேவிட் லிவிங்ஸ்டன் மரித்த இடத்தின் பெயரையே படகுக்கு வைத்தார்கள். ஷிரே ஆற்றில் நடுவழியில் அருவிகள். படகு ஏறுமா? கழற்றினார்கள். தகடு தகடாக, ஆணி ஆணியாக. நூற்றுக்கணக்கான ஆப்பிரிக்கச் சுமைகாரர்கள் தலையில் தூக்கி, கல்லும் முள்ளுமாய் அருவிகளைச் சுற்றி நடந்தார்கள். யோசித்துப் பாருங்கள், வழியில் ஒரு ஆணி புல்லுக்குள் விழுந்தால் யார் தேடுவது? ஒன்றும் தொலையவில்லை என்று அக்கால மிஷன் வரலாறுகள் வியக்கின்றன. மேலே மறுபடி பூட்டி, அக்டோபர் 12 அன்று மலாவி ஏரிக்குள் ஓட்டினார்கள். எழுத்தில் நின்றது மிஷனரிகள் பெயர். ஆணியைக் காத்தது அந்தச் சுமைகாரர்கள். அந்த ஜனத்தையா நாம் ஒரு பம்பை நம்பி ஒப்படைக்கத் தயங்குகிறோம்?

நம் தெருமுனை இந்தியா மார்க் 2 அடிபம்பும் மிஷன் வீட்டுப் பிள்ளைதான். மகாராஷ்டிராவின் ஜால்னா, சோலாப்பூர் மிஷன் ஊழியர்கள் செய்த பம்புகளின் வழிவந்தது. 1970-களில் சென்னையில் உருவாகி, கோயம்புத்தூர் பக்கம் சோதிக்கப்பட்டது. அதில் வாஷர் தேய்ந்தால் இரும்புப் பைப்பு முழுவதையும் வெளியே இழுக்க வேண்டும். பிஸ்டன் பைப்பைவிடப் பருமன், உள்வழியே வராது. மலாவியில் ஊன்றுகிற ஆஃப்ரிடெவ் அடிபம்பு அப்படியல்ல. 45 மீட்டர் ஆழம்வரை இறங்கும். பிளாஸ்டிக் பைப்பு அங்கேயே நிற்க, ராடையும் பிளஞ்சர் என்கிற பிஸ்டனையும் மட்டும் மேலே எடுக்கலாம். ஒரு ஸ்பேனர், இரண்டு மூன்று பெண்கள் போதும்.

நோயும் சுலபமாய்த் தெரியும். காலையில் நாலைந்து முறை அடிக்கும்வரை வெறும் காற்று, பிறகு நல்ல தண்ணீர் என்றால் அடி வால்வு கசிந்து இரவில் நீர் கீழே இறங்கியிருக்கிறது. அதன் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தை மாற்ற வேண்டும். எவ்வளவு அடித்தாலும் தண்ணீர் சன்னமாய் வந்தால் பிளஞ்சரைச் சுற்றியிருக்கும் யூ-சீல் என்ற ரப்பர் வளையம் தேய்ந்தது. மணல் வருகிற கிணற்றில் அது சீக்கிரம் போகும். கைப்பிடி ஆடினால் அதன் அச்சைத் தாங்கும் பிளாஸ்டிக் புஷ் தேய்ந்தது. அசட்டையாய் விட்டால் இரும்பு அச்சையே தின்றுவிடும். எல்லாம் கைக்குள் அடங்கும் சாமான், ஆனால் பக்கத்துக் கடையில் இருக்க வேண்டுமே! இல்லாவிட்டால் பெண்கள் பழைய குட்டைக்கே குடத்தோடு போவார்கள். ஆபிரகாம் வெட்டிய துரவுகளைப் பெலிஸ்தர் மண்ணால் தூர்த்ததாக ஆதியாகமம் 26 சொல்கிறது. நாம் தூர்க்க மண்கூடத் தேவையில்லை, ஒரு ரப்பர் வளையம் தீர்ந்தால் போதும்.

ஆகவே பேராயர் அய்யா முன்னிலையில் கேட்கிறேன். அடுத்த பயணத்தில் இரண்டு விமான டிக்கெட்டைக் குறையுங்கள். அந்தப் பணத்தில் அங்குள்ள ஊர்ப் பெண்களுக்குப் பயிற்சியும், சந்தைக் கடையில் உதிரிபாக இருப்பும். யானை வாங்கினவன் அங்குசம் வாங்கத் தயங்கலாமா?

செயலர் அய்யா மணி அடித்துவிட்டார். சுவிசேஷம் பேராயர் அய்யாவே பேசுவார். மொழிக்கு, குழுவினர் ‘ஸிகோமோ’ என்று நன்றி சொல்லக் கற்று வந்திருக்கிறார்கள், போதும். வாசலில் காணிக்கைத் தட்டுக்குப் பக்கத்தில் தேய்ந்த யூ-சீல் ஒன்றும் புதியது ஒன்றும் வைத்திருக்கிறேன். டீக்குப் போகும்போது இரண்டையும் விரலால் தடவிப் பாருங்கள்.