மூத்த குரலுக்குப் புதுப் பாட்டு

வானொலி நேயர்களுக்கு வணக்கம். வயதான பாடகர் ஒருவரை மேடைக்குக் கூப்பிட்டால் நாம் என்ன கேட்போம்? முப்பது வருஷத்துக்கு முன்னால் அவர் பாடிய ஹிட் பாட்டைத்தான் கேட்போம். அவரும் சுருதியைக் கொஞ்சம் இறக்கிவைத்துப் பாடுவார். கைதட்டிவிட்டு, "பாவம், வயசாயிடுச்சு" என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்கு வருவோம். இதில் எனக்கு நெடுநாள் மனத்தாங்கல் உண்டு. குரலுக்கு வயதாகத்தான் செய்யும். அந்த வயதுக்குத் தக்க புதுப் பாட்டு ஒன்றை அவருக்குக் கொடுத்தோமா?

அப்படிக் கொடுத்துப் பார்த்து ஜெயித்த ஓர் ஆல்பத்தைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன். பெயர் 'டோன்ட் கிவ் அப் ஆன் மீ'. வெளிவந்த வருஷம் 2002. பாடியவர் சாலமன் பர்க், அமெரிக்காவில் பிலடெல்பியாக்காரர். அப்போது அவருக்கு அறுபது தாண்டிவிட்டது.

பெயர் புதிதாக இருக்கிறதா? 'டர்ட்டி டான்சிங்' என்ற ஹாலிவுட் படம் பார்த்தவர்கள் அவர் குரலைக் கேட்டிருப்பீர்கள். அதில் வரும் 'க்ரை டு மீ' பாட்டு இவர் பாடி 1962-இல் வெளிவந்தது. 'எவ்ரிபடி நீட்ஸ் சம்படி டு லவ்' பாட்டை ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழு பாடித்தான் பலருக்குத் தெரியும். அதையும் முதலில் பாடியவர் இவர்தான். கறுப்பின மக்களின் தேவாலயங்களில் உருகிப் பாடுகிற முறை காதல் பாட்டுக்குள் இறங்கி வந்ததே, அதைத்தான் சோல் என்கிறார்கள். பர்க் அதே வழியில் வந்தவர். சிறுவனாக இருக்கும்போதே பிரசங்கம் செய்தவர், அதுவும் வானொலியில்! ஆகவே நம்ம கட்சி.

அவரைப் பற்றி ஒரு கதை சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. 1960களின் தொடக்கம். பாடகர்கள் எல்லோரும் ஒரே பஸ்ஸில் ஊர் ஊராகப் போவார்கள். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அப்போது நிறவெறிச் சட்டம். வழியில் எந்த உணவு விடுதியிலும் கறுப்பினத்தவரை உட்காரவைத்துச் சாப்பாடு போடமாட்டார்கள். ராத்திரி கச்சேரியில் அவர்கள் பாட்டுக்கு ஆடிய ஊர், காலையில் ஒரு காப்பி தராது. பர்க் என்ன செய்வார்? பஸ் ஏறும்போதே சாண்ட்விச், குளிர்பானம் எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு ஏறுவார். கூட வருகிறவர்கள் கேலி செய்வார்களாம், "அடுத்த ஊரில் பார்த்துக்கொள்கிறோம்" என்று. சரி என்று சும்மா இருப்பார். அடுத்த ஊர் வரும், கதவு திறக்காது. அதற்கடுத்த ஊரும் அப்படியே. பின்சீட்டிலிருந்து ஒருத்தர் எழுந்து வருவார். அதற்குள் சாண்ட்விச் விலை ஏறியிருக்கும்! நியூயார்க்கின் அப்பல்லோ தியேட்டரிலும் இப்படித்தான். பாடகர் தன் படத்தையோ என்னவோ விற்றுக்கொள்ளட்டும் என்று நினைத்து அனுமதி கொடுத்தார்களாம். மனிதர் பாப்கார்னைக் கொண்டுவந்து இறக்கிவிட்டார்.

இதைச் சிரிப்பதற்காக மட்டும் சொல்லவில்லை. அந்த ஆள் அவசரப்படமாட்டார். பசி தானாக எழுந்து வரும் என்று காத்திருப்பார். பாட்டிலும் அதே குணம்தான்.

ஆல்பத்தின் முதல் பாட்டான தலைப்புப் பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். தேவாலயங்களில் வாசிக்கிற ஆர்கன் என்ற கட்டை வாத்தியம் மெல்ல ஆரம்பிக்கிறது. வாசிப்பவர் ரூடி கோப்லண்ட், பர்க்கின் சொந்தத் தேவாலயத்தில் வாசிப்பவர். டிரம்ஸ் மெதுவாகச் சேர்கிறது. பர்க் முதல் வரியைப் பாடுகிறாரா பேசுகிறாரா என்றே சொல்ல முடியாது. நான் தவறினாலும், நீ நினைத்த அளவுக்கு நான் வராவிட்டாலும், என்னைக் கைவிட்டுவிடாதே, அவ்வளவுதான் பாட்டு. இருபது வயதுப் பையன் இதைக் காதலியிடம் பாடினால் கெஞ்சல். அறுபதில் இவர் பாடும்போது, மனைவியிடமா, கடவுளிடமா, தன்னை மறந்துபோன ரசிகர்களிடமா என்று சந்தேகம் வந்துவிடுகிறது. மேலே போய்க் கத்தப்போகிறார், இதோ கத்தப்போகிறார் என்று நாம் காத்திருப்போம். வாயருகே கொண்டுவந்துவிட்டு அடக்கிக்கொள்வார். பின்சீட்டுக்காரர் மாதிரி எழுந்து போக வேண்டியது நாம்தான்.

தயாரிப்பாளர் ஜோ ஹென்றி செய்த நல்ல காரியம், குரலுக்கு மையும் சாயமும் பூசாமல் விட்டது. இசைக்கலைஞர்களோடு சேர்ந்து உட்காரவைத்து, நேரடியாகப் பாடவைத்து, நாலே நாளில் பதிவை முடித்துவிட்டார். குரலில் சொரசொரப்பு இருக்கிறது. இருக்கட்டுமே! பக்கத்தில் வாத்தியங்கள் கம்மி. அதனால் அந்தச் சொரசொரப்பே ஒரு வாத்தியமாகக் கேட்கிறது. வேறு யாராவது எடுத்திருந்தால் இருபது வயலினைப் போட்டு மூடியிருப்பார்கள்.

இனி பாட்டுகள். மொத்தம் 11. பாப் டிலன், வான் மாரிசன், பீச் பாய்ஸ் புகழ் பிரையன் வில்சன், டாம் வெயிட்ஸ், எல்விஸ் காஸ்டெல்லோ, நிக் லோ என்று எழுதிக் கொடுத்த பெயர் பெற்ற பாடலாசிரியர்களைப் பாருங்கள். தலைப்புப் பாட்டு டான் பென் என்ற பாடலாசிரியர் கூட்டாக எழுதியது. பழைய ஹிட் ஒன்றுகூட இதில் இல்லை. நான் முதலில் சொன்னது இதைத்தான். திரும்பவும் சொல்கிறேன்: புதுப் பாட்டு கொடுத்தார்கள். வெளியிட்டது மிசிசிப்பியின் ஃபேட் பாசம் என்ற சின்ன இசைத்தட்டு நிறுவனம். 2003-இல் அமெரிக்காவின் பெரிய இசை விருதான கிராமி வந்தது. அவருக்கு அதுதான் முதல் கிராமி! அதுவும் சமகால புளூஸ் பிரிவில். புளூஸ் என்பது கறுப்பின மக்களின் இன்னொரு பழைய பாட்டு வகை. சோல் பாடகருக்கு புளூஸ் விருது ஏன் என்று கேட்காதீர்கள், விருதுக்காரர்கள் சமாசாரம்.

நேரம் முடியப்போகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். அலபாமாவின் பார்வையற்ற பாடகர் குழுவோடு அவர் பாடிய பத்தாவது பாட்டு, 'நன் ஆஃப் அஸ் ஆர் ஃப்ரீ', அதைப் பற்றி விரிவாகப் பேச வைத்திருந்தேன். ஒருவன் கட்டுண்டிருந்தால் நம்மில் யாரும் சுதந்திரமானவர் இல்லை என்கிற பாட்டு. சாப்பாடு மறுக்கப்பட்ட அந்த பஸ்ஸில் போனவர் பாடுகிறார் என்று நினைத்துக்கொண்டு கேளுங்கள். பிற்பாடு மேடையில் சிம்மாசனம் போட்டு உட்கார்ந்து பாடியது, 2006-இல் நாஷ்வில் போய் எடுத்த ஆல்பம், 2010 அக்டோபரில் ஒரு கச்சேரிக்குப் போன இடத்தில் ஆம்ஸ்டர்டாம் விமான நிலையத்தில் காலமானது, எல்லாம் சொல்ல இருந்தது. நேரமில்லை. ஆல்பம் கிடைத்தால் பத்தாவதிலிருந்து ஆரம்பியுங்கள், பிறகு முதல் பாட்டுக்கு வாருங்கள். வணக்கம்.