குடித்த சாக்லேட், கரையும் சாக்லேட்

நேயர்களுக்கு வணக்கம்.

சாக்லேட் என்றதும் கடித்துச் சாப்பிடுகிற கட்டிதான் நம் நினைவுக்கு வரும். ஆனால் தன் வரலாற்றின் பெரும்பகுதியில் அது பானமாகத்தான் இருந்தது. மத்திய அமெரிக்காவின் மாயா மக்களும், பின்னர் மெக்சிகோவின் அஸ்டெக் மக்களும் கொக்கோ விதையை வறுத்து, கல்லில் அரைத்து, தண்ணீரில் கலந்து, மிளகாய் சேர்த்துக் குடித்தார்கள். சர்க்கரையே கிடையாது. நம் ஊர் டீ மாஸ்டர் ஆற்றுவது போல உயரத்திலிருந்து ஊற்றி நுரை எழுப்புவார்கள். அந்த நுரைக்குத்தான் மதிப்பு. கொக்கோ விதை சந்தையில் காசாகவும் புழங்கியது.

ஸ்பானியர் வழியாக ஐரோப்பாவுக்குப் போனதும் சர்க்கரை சேர்ந்தது. அப்போதும் பானம்தான். கொக்கோ விதையில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. அது கோப்பையில் மேலே மிதக்கும். 1828இல் ஆம்ஸ்டர்டாமின் வான் ஹூட்டன் குடும்பத்தார், அந்தக் கொழுப்பைப் பிழிந்தெடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார்கள். பொடி நன்றாகக் கரைய வேண்டும் என்பதுதான் அவர்கள் நோக்கம். ஆனால் பிழிந்த கொழுப்பும் தனியாகக் கிடைத்ததே! 1847இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஃப்ரை நிறுவனம் பொடியும் சர்க்கரையும் அந்தக் கொழுப்பும் கலந்து அச்சில் வார்த்தது. கடித்துச் சாப்பிடும் சாக்லேட் அப்படி வந்தது. 1875 வாக்கில் சுவிட்சர்லாந்தில் டேனியல் பீட்டர் பால் சேர்த்தார். அப்புறம் 1879இல் அதே நாட்டின் ரொடால்ஃப் லிண்ட், சாக்லேட் குழம்பை மணிக்கணக்கில் விடாமல் புரட்டிப் புரட்டித் தேய்க்கும் இயந்திரம் செய்தார். நறநறப்பு போய் வழவழப்பு வந்தது. என்னைக் கேட்டால், நாம் அதிகம் கடன்பட்டிருப்பது இவருக்குத்தான்.

அந்தக் கொழுப்புக்குக் கொக்கோ வெண்ணெய் என்று பெயர். அது சுமார் 34 டிகிரியில் உருகும். நம் உடல் சூடு 37. கையில் கட்டியாக இருப்பது வாயில் கரைவது இதனால்தான். நம் வெயிலில் அது பையிலேயே உருகி, மறுபடி இறுகும்போது மேலே வெள்ளை பூக்கும். பூஞ்சை என்று பலர் தூக்கிப் போடுகிறார்கள். வேண்டாம்! அது வெறும் கொழுப்பு, தாராளமாகச் சாப்பிடலாம்.

கரைவது கொழுப்பால், மணத்துக்கோ தோட்டத்திலேயே அடித்தளம் போட்டாக வேண்டும். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புகளில் கொக்கோ ஊடுபயிராக இருக்கிறது. அடிமரத்திலேயே காய் தொங்கும். பழுத்ததை உடைத்தால் வெள்ளைச் சதை, இனிப்பும் புளிப்புமாக. உள்ளே இருக்கும் விதையைக் கடித்தால் ஒரே கசப்பு, துவர்ப்பு. சாக்லேட் வாசனை துளியும் இராது. சதையோடு விதைகளைக் குவித்து, வாழை இலையால் மூடி, ஐந்தாறு நாள் புளிக்க வைத்து, காயவைத்து, வறுத்த பிறகுதான் அந்த வாசனை எழும்.

அடுத்த முறை நல்ல கருப்பு சாக்லேட் கிடைத்தால் மெல்லாதீர்கள். ஃபிரிட்ஜில் இருந்தால் எடுத்துச் சிறிது நேரம் வெளியே வையுங்கள். சிறு துண்டை நாக்கில் வைத்து அண்ணத்தோடு அழுத்திக் காத்திருங்கள். கசப்பினூடே மெல்லிய புளிப்பு ஒன்று தட்டுப்படும். தோட்டத்தில் புளிக்க வைத்தபோது விதைக்குள் இறங்கியது அது.

நன்றி, வணக்கம்.