கடையில் விற்காத சரக்கு

நடுவர் அவர்களே, என் கையில் இருக்கும் குறிப்புத் தாளையே முறைத்துக்கொண்டிருக்கும் எதிரணி அண்ணன்மாரே, அக்காமாரே, ராத்திரி எட்டரை மணிவரை வெளியே வெளிச்சம் இருக்கும் இந்த ஜூன் சனிக்கிழமையிலும் உள்ளே வந்து உட்கார்ந்திருக்கும் நியூ ஜெர்சித் தமிழ் மக்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

கோடை தொடங்கியதும் வீட்டில் ‘பை’ என்னும் பழப் பண்டம் சுடுவது, தோட்டம் போடுவது, துணித் துண்டுகளைச் சேர்த்துக் குயில்ட் என்னும் போர்வை தைப்பது: இவை ஆதாயமா, அவதியா? இதுதான் தலைப்பு. ஆதாயம் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் அண்ணன் தொழில் முறையில் கணக்காளர். மரச்சட்டம், மண் மூட்டை, மானுக்கு ஒரு வேலி, வளை தோண்டி வரும் நிலப்பன்றிக்கு (கிரவுண்ட்ஹாக்) அந்த வேலிக்கு அடியில் இன்னொரு வேலி, தண்ணீர்க் கட்டணம் எல்லாவற்றையும் கூட்டி, விளைந்த பழத்தால் வகுத்து, வீட்டுத் தக்காளி ஒன்று 12 டாலர் என்று சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போனார். அடுத்து வந்த தம்பி, ஒரு பக்கம் ஓவனை 425 டிகிரி ஃபாரன்ஹீட்டில் போட்டுவிட்டு இன்னொரு பக்கம் ஏசியைப் போடுவது யாருக்கு ஆதாயம், மின்சாரக் கம்பெனிக்கா என்று கேட்டார். ஜூன் மாதத்தில் போர்வை தைப்பானேன், கடையில் 60 டாலருக்கு நல்ல குயில்ட் கிடைக்கிறதே என்றும் கேட்டார். மூன்றாவதாக அக்கா எழுந்து, கடைசியில் இந்த வேலையெல்லாம் பெண்கள் தலையில்தான் விடிகிறது என்றார். தம்பி கேட்டதற்குப் பதில் சுலபம். அக்கா கேட்டதுதான் கனமான கேள்வி, அதற்குத் தனியாக வருகிறேன்.

முதலில் அண்ணனின் 12 டாலர். சரி, ஒத்துக்கொள்கிறேன். அண்ணன் கூட்டல் கழித்தலில் தப்பு பண்ணமாட்டார். ஆனால் எதை எதோடு வைத்துப் பார்த்தார் என்பதுதான் என் கேள்வி. கடைக்கு வரும் தக்காளியில் பெரும்பகுதியைக் காய் முற்றியவுடன் பச்சையாகவே பறித்துவிடுகிறார்கள். பழுத்த பின் பறித்தால் லாரிப் பயணம் தாங்காது. கிடங்கில் அடுக்கி எத்திலீன் வாயுவைச் செலுத்தி நிறம் ஏற்றுகிறார்கள். இன்னொன்றும் உண்டு. பழம் காம்பிலிருந்து அடிவரை ஒரே சீராகச் சிவக்க வேண்டும் என்று பல பத்தாண்டுகளாகப் பொறுக்கிப் பொறுக்கி ரகங்களை வளர்த்தார்கள். அந்த ரகங்களில், காயில் பச்சையத்தைக் கூட்டும் மரபணு ஒன்று வேலை செய்வதில்லை என்றும், அதோடு சேர்ந்து சர்க்கரையும் குறைந்துவிட்டது என்றும் 2012இல் ‘சயன்ஸ்’ ஆய்விதழில் வந்தது. அழகுக்காக இனிப்பை விட்டுக்கொடுத்திருக்கிறோம். தெரியாமல்தான்.

நம் மாநிலத்துக்கே சொந்தமான தக்காளி ஒன்று இருக்கிறது. ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் 1934இல் வெளியிட்டது, பேரும் ரட்கர்ஸ்தான். ஒரு காலத்தில் சூப் டப்பாவுக்கும் சாறுக்கும் இதைத்தான் தேடினார்கள். அப்புறம் அறுவடைக்கு இயந்திரம் வந்தது. இயந்திரத்தின் பிடியைத் தாங்க முரட்டுத் தோல் வேண்டும், ரட்கர்ஸுக்கு அது கிடையாது. வயலைவிட்டுப் போய்விட்டது. அதை மறக்காமல் வைத்திருந்தவர்கள் வீட்டுக் கொல்லைக்காரர்கள். 2016இல் பல்கலைக்கழகமே பழைய சுவையைத் திரும்பப் பிடிக்க ‘ரட்கர்ஸ் 250’ என்று புது ரகம் கொண்டுவர வேண்டியிருந்தது. அண்ணன் பார்த்தது இரண்டு தக்காளியின் விலை. நான் சொல்வது, அவை இரண்டும் ஒரே சரக்கு இல்லை என்று.

என் கட்சி இதுதான், நடுவர் அவர்களே. பயணம் தாங்குவதைத்தான் கடை விற்கும். பயணம் தாங்காதது, பெட்டியில் அடுக்க முடியாதது, எல்லோருக்கும் ஒரே மாதிரி செய்ய முடியாதது, இதெல்லாம் கடைக்கு வரவே வராது. கோடை தொடங்கும்போது நாங்கள் கையைக் கறையாக்கிக்கொள்வது அந்தச் சரக்குக்காக.

“ஜூனில் உங்கள் தோட்டத்தில் தக்காளியே பழுத்திருக்காதே” என்று தம்பி முன்வரிசையிலிருந்து சொல்வது கேட்கிறது. உண்மை. மே நடுவில் உறைபனி பயம் போன பிறகுதான் நாற்று வைக்கிறோம். இப்போது அதில் மஞ்சள் பூதான் இருக்கும். ஆனால் அக்டோபரில் ஊன்றிய பூண்டு இருக்கிறதே! ஜூன் முதல் பாதியில் அதன் நடுவிலிருந்து ஒரு தண்டு எழும்பிச் சுருண்டு நிற்கும், நுனியில் ஒரு மொட்டு. அதை ஒடித்துவிட்டால்தான் கீழே பூண்டு பருக்கும். ஒடித்ததை எறிய வேண்டியதில்லை. நறுக்கி நல்லெண்ணெயில் வதக்கி வத்தக்குழம்பில் போட்டுப் பாருங்கள். பல் பூண்டின் காரம் பாதி, பீன்ஸின் நறுக்கு பாதி. பெரிய கடைகளில் இது லேசில் கண்ணில் படாது. ஜூலை பிறந்தால் தோட்டத்திலும் கிடையாது.

ஸ்ட்ராபெர்ரிக்கு வருகிறேன். இது பறித்த பின் இனிக்காத பழம். மாம்பழம் போல வைக்கோலில் வைத்துப் பழுக்கவைக்க முடியாது. செடியில் என்ன இனிப்போ அதுதான் கடைசிவரை. இந்த நாட்டு ஸ்ட்ராபெர்ரியில் பெரும்பகுதி கலிபோர்னியாவில் விளைகிறது. அங்கிருந்து லாரியில் நாட்டைக் குறுக்கே கடந்து நம் கடைக்கு வர வேண்டுமானால் கெட்டியாக இருக்கும்போதே பறித்தாக வேண்டும். நம் பக்கத்துப் பண்ணைகளிலும் கொல்லைகளிலும் மே கடைசியில் தொடங்கி ஜூன் நடுவோடு முடிந்துவிடும் பழமோ, உள்ளே வெட்டினாலும் சிவப்பு. மறுநாள் வைத்தால் குழைந்துவிடும். அதனால்தான் அன்றன்றைக்கே பையாகச் சுடுகிறோம்.

ருபார்பும் அதே வாரங்களில்தான் கைக்கு வரும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பார்க்கச் சிவந்த சேப்பந்தண்டு மாதிரி இருக்கும், புளிப்போ நம் புளிச்சகீரையைத் தோற்கடிக்கும். தண்டை மட்டும்தான் தின்னலாம். இலையில் ஆக்சாலிக் அமிலம் அதிகம், நஞ்சு, தொடவே வேண்டாம். ஸ்ட்ராபெர்ரியும் ருபார்பும் சேர்ந்து வெந்தால் ஒரே தண்ணீராக விடும், அடித்தட்டு சொதசொதவென்று ஆகிவிடும். அந்தச் சாற்றை இறுக்கிப் பிடிக்க இந்த ஊர்ப் பாட்டிகள் என்ன போடுகிறார்கள் தெரியுமா? ஜவ்வரிசி! சேலத்துக்காரர்கள் இருந்தால் இங்கே கை தட்டலாம். கூழ் வடகத்துக்காக வாங்கி வைத்த அதே ஜவ்வரிசியை மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றி, பழத்தோடு கலந்து கொஞ்ச நேரம் ஊறவிட்டுச் சுட்டால் வெட்டும்போது துண்டு துண்டாக நிற்கிறது.

தம்பியின் ஏசிக்கும் இங்கேயே பதில். பை மாவில் வெண்ணெய் உருகாமல் சின்னச் சின்னத் துண்டாக நிற்க வேண்டும். ஓவனுக்குள் போனதும் அந்த வெண்ணெயில் இருக்கும் நீர் ஆவியாகி மாவை அடுக்கடுக்காகத் தூக்கும். பிசையும்போதே உருகிவிட்டால் அடுக்கு வராது, தட்டை ரொட்டிதான். ஆகவே மத்தியானம் ஏசியைப் போட்டுக்கொண்டு யாரும் பை சுடுவதில்லை. ஜூனில் இங்கே அஞ்சரை மணிக்கே விடிந்துவிடுகிறது. ஜன்னலைத் திறந்து வைத்து, மாவு பிசைந்து, சுட்டு முடித்து, ஓவனை அணைக்கும்போது தம்பி இன்னும் எழுந்திருக்கவே மாட்டார். அவரைப் பற்றி எனக்குத் தெரியும்.

கடையில் எல்லாம் இருக்கிறது என்கிறார்களே, கடைக்கே அது எங்கிருந்து வந்தது என்று ஒரு தடவையாவது கேட்க வேண்டாமா? ஜூன் பிற்பாதியில் நம் மாநிலத்து ப்ளூபெர்ரி சந்தைக்கு வரும். நூற்றிச் சொச்சம் வருடத்துக்கு முன்னால் அது காட்டுப் புதர். அதை நிலத்தில் பயிரிட முடியாது என்றே நினைத்தார்கள். நம் தெற்கு நியூ ஜெர்சியில் ஒயிட்ஸ்பாக் என்னும் க்ரான்பெர்ரிப் பண்ணையில் வளர்ந்தவர் எலிசபெத் ஒயிட். ஃபிரெடரிக் கோவில் என்ற அரசுத் தாவரவியலாளர் ப்ளூபெர்ரியை ஆராய்கிறார் என்று தெரிந்ததும், என் நிலத்தில் செய்து பாருங்கள் என்று எழுதிப்போட்டார். அப்புறம் அந்தக் காட்டில் பழம் பறித்துப் பிழைத்த ஜனங்களிடம் ஓட்டை போட்ட அளவுத் தகட்டைக் கொடுத்து, இந்த ஓட்டைக்குள் போகாத பெரிய பழம் இருக்கும் புதரைக் காட்டினால் காசு என்றார். யார் கண்டுபிடித்தார்களோ அவர்கள் பேரையே புதருக்கு வைத்தார். ரூபெல் என்ற ரகத்தின் பேர் அப்படி வந்ததுதான். 1916இல் முதல் விளைச்சல் விற்பனைக்குப் போனது. அண்ணன் காலையில் ஓட்ஸில் போட்டுக்கொள்ளும் ப்ளூபெர்ரிக்குப் பின்னால் இவ்வளவு பேர் மண்ணைக் கிளறியிருக்கிறார்கள். அன்றைக்கு அந்த அம்மாவிடம் ஒரு கணக்காளர் போய்க் கணக்குக் காட்டாதது நம் அதிர்ஷ்டம்.

இனி குயில்ட். ஜூனில் போர்வையா என்ற கேள்வி நியாயமானது. பஞ்சு வைத்த போர்வையை இந்தப் புழுக்கத்தில் மடியில் போட்டுக்கொண்டு யாராலும் இழை ஓட்ட முடியாது. அது அக்டோபர் வேலை. கோடையில் நடப்பது துண்டு சேர்ப்பது. உள்ளங்கை அகலத் துணிகளை ஒன்பது ஒன்பதாகக் கட்டம் கட்டுவது. மடியில் கனமில்லை, திண்ணையில் உட்கார்ந்தே தைக்கலாம், இரவு எட்டு மணிக்கும் நிறம் பார்க்க வெளிச்சம் இருக்கிறது. ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய சின்னாளப்பட்டிச் சுங்குடியையும் நான் இதில் சேர்க்கிறேன். ஆனால் சேர்ப்பதற்கு முன் தனியாக அலசிவிட வேண்டும், சாயம் இறங்கும்.

சாயம் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் பெருமைதான், பொறுத்துக்கொள்ளுங்கள். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் நம் சோழமண்டலக் கரையில் கையால் எழுதி, படிகாரம் இட்டு, சாயவேரில் காய்ச்சி எடுத்த சீட்டித் துணியின் சிவப்பு துவைத்தால் போகாது. ஐரோப்பா அதில் மயங்கிப்போனது. உள்ளூர் நெசவைக் காப்பாற்ற பிரான்ஸ் 1686இலும் இங்கிலாந்து 1701இலும் தடையே போட்டன. விலை எக்கச்சக்கம் என்பதால், அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பெண்கள் சீட்டியிலிருந்து பூவையும் மரத்தையும் பறவையையும் மட்டும் கத்தரித்து, வெறும் வெள்ளைத் துணியில் தள்ளித் தள்ளி வைத்துத் தைத்தார்கள். கொஞ்சம் சீட்டி கட்டில் அளவுக்கு நீண்டது. அந்தக் குயில்ட்கள் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. இந்த நாட்டுக் குயில்ட் கதையில் நம் கரைக்கும் ஒரு பங்கு உண்டு.

ஆனால் நான் சொல்ல வந்த குயில்ட் வேறு. அலபாமா மாநிலத்தில், மூன்று பக்கமும் ஆறு வளைத்த ஜீஸ் பெண்ட் என்ற ஊர். பருத்திக் காட்டில் பாடுபட்ட கறுப்பினப் பெண்களின் ஊர். அங்கே மிசூரி பெட்வே என்ற பெண்ணின் கணவர் இறந்துபோனார். அவர் காட்டு வேலைக்குப் போட்ட சட்டையும் கால்சட்டையும்தான் மிச்சம். அவற்றைக் கிழித்து, மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, 1942இல் மிசூரி ஒரு குயில்ட் தைத்தார். அவர் நினைவாக இருக்கட்டும், அன்புக்கு இதைப் போர்த்திக்கொள்கிறேன் என்று அம்மா சொன்னதாக மகள் அர்லோன்சியா பின்னால் சொல்லியிருக்கிறார். வெளுத்த நீலம், சாம்பல், பழுப்பு. போட்டுப் போட்டுத் தேய்ந்த துணி. தம்பி, கடையில் 60 டாலருக்கு நல்ல குயில்ட் கிடைக்கிறது என்றீர்களே. இதைக் கேட்டால் எந்தக் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பார்?

அக்காவின் கேள்விக்கு வந்துவிட்டேன். பெண்கள் தலையில்தான் விடிகிறது என்றார். பல வீடுகளில் உண்மைதான், மழுப்பப் போவதில்லை. பை தின்ன எட்டுப் பேர், தட்டுக் கழுவ ஒருத்தி என்றால் அது அவதியேதான். நம் தலைவர் அண்ணன்கூட வேலிக்கு விலை போட்டார், நிலப்பன்றிக்கு விலை போட்டார், களை பிடுங்கிய கைக்கு மட்டும் கூலி போடவில்லை. அக்கா, அதற்கு நாங்கள் உங்களோடு சேர்ந்தே சண்டை போடுகிறோம். ஆனால் வேலையைப் பங்கு போடாத வீடு, வேலையை விட்டுவிட்டால் திருந்திவிடுமா? கடைப் பை வாங்கி வந்தாலும் தட்டுக் கழுவுவது அதே ஒருத்திதான்.

அந்த ஜீஸ் பெண்ட் பக்கத்துப் பெண்களையே பாருங்கள். துண்டு சேர்ப்பது அவரவர் வீட்டில். இழை ஓட்டும்போது நாலைந்து பேர் ஒரு சட்டத்தைச் சுற்றி உட்கார்வார்கள். வாக்குரிமைக்குப் போராடியதற்காக நிலத்தைவிட்டுத் துரத்தப்பட்ட குடும்பங்கள் இருந்த காலம். 1966இல் ஃப்ரீடம் குயில்டிங் பீ என்று கூட்டுறவுச் சங்கம் அமைத்து, தைத்த குயில்ட்டை நியூயார்க்குக்கு விற்றுக் கூலி எடுத்தார்கள். 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் அவர்கள் குயில்ட்களைச் சுவரில் தொங்கவிட்டது, 2006இல் தபால்தலையே வந்தது. பெண்கள் தலையில் ஏற்றிவைத்த வேலை என்று அக்கா சொன்ன அதே வேலையில், அந்தப் பெண்கள் தங்கள் பேரையும் கணக்குப் புத்தகத்தையும் தங்கள் கையில் வைத்துக்கொண்டார்கள்.

நடுவர் மணியின் மேல் கையை வைத்துவிட்டார், தெரிகிறது. ஒரே ஒரு கேள்வி, முடித்துக்கொள்கிறேன்.

கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பம் என்பதால், எலுமிச்சை நோய் பரவும் என்று ஊரிலிருந்து பச்சை இலை கொண்டுவர இந்த நாட்டில் அனுமதி இல்லை. இந்தியக் கடையில் வாங்கலாம், மலிவுதான். ஆனால் எதிரணித் தலைவர் அண்ணன் வீட்டில் ஒரு கறிவேப்பிலைச் செடி இருக்கிறது. ராக்குளிர் 50 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போகத் தொடங்கியதும் அதை உள்ளே தூக்கிவந்து, வரவேற்பறையில் சோபாவை நகர்த்திவிட்டு ஜன்னலோரம் வைக்கிறார்கள். அதற்கென்று தனியாக ஒரு விளக்கு. மே மாதம் மறுபடி வெளியே. தூக்குவது அண்ணன்தான், அண்ணியே சொன்னார்கள். அந்தச் செடிக்குத் தொட்டி, மண், விளக்கு, மின்சாரம், முதுகு வலித் தைலம் எல்லாம் சேர்த்து ஒரு கொத்து என்ன விலை ஆகிறது, அப்படியிருந்தும் அதை ஏன் தூக்கி எறியவில்லை என்பதை எதிரணியில் அடுத்துப் பேச வருகிறவர் இந்த மேடையிலேயே சொல்லட்டும்.

நன்றி, வணக்கம்.