விண்ட்சர் ஃபாண்ட்டை எங்கே போடலாம்? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். ஒரு தம்பி கேட்டிருக்காரு: “அண்ணே, காபி கடை ஆரம்பிக்கிறேன். விண்ட்சர்ங்கிற இங்கிலீஷ் ஃபாண்ட் ரொம்பப் புடிச்சிருக்கு. போர்டு, மெனு, பில் எல்லாத்தையும் அதுலயே போட்டுடலாமா?” படிச்சதும் எனக்கு ஒரே குஷி. விண்ட்சரைப் பேர் சொல்லிக் கேக்குற ஆளு கிடைக்கிறதே அபூர்வம்.

போர்டுக்குத் தாராளமாப் போடுங்க. மெனுவுக்கு வேண்டாம். நம்ம பழைய ஆளுங்களுக்குக் கேட்டுக் கேட்டுப் புளிச்சிருக்கும்: தூரத்துலேர்ந்து ஆளைக் கூப்பிடுற எழுத்து வேற, உக்காந்து படிக்கிற எழுத்து வேற. விண்ட்சர் கூப்பிடுற எழுத்து.

அதுல சின்ன என் (n), எச் (h), எம் (m) மூணையும் பெருசாக்கிப் பாருங்க. வலது கால் நேரா இறங்காது. பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவன் ஒத்தைக் காலை நீட்டிக்கிட்டு நிப்பானே, அப்படி வெளிப்பக்கமா சாஞ்சு நிக்கும். சின்ன ஈ-யோட (e) குறுக்குக் கோடு சரிஞ்சிருக்கும். பெரிய பீ (P), ஆர் (R) ரெண்டுக்கும் மேல் வளைவு ஏகத்துக்குப் பெருசு. கடைப் பேர்ல இந்தச் சேட்டை அழகு. அதையே பொடி எழுத்துல இட்லியிலேர்ந்து சமோசா வரைக்கும் அடிச்சா, எல்லாக் காலும் சேர்ந்து சாஞ்சு கண்ணு வரியில நிக்காது. ஒரு ஹோட்டல்ல பார்த்தேன், பேர் வேண்டாம். வெளிச்சத்துக்குக் குறைச்சலே இல்லை, ஆனாலும் மெனுவுக்கு செல்போன் டார்ச் அடிச்சுக்கிட்டிருந்தாங்க!

“அமெரிக்க சினிமா டைரக்டர் வூடி ஆலன், படத்துல வர்ற பேரையெல்லாம் அதுலதானே போடுறாரு?”ன்னு கேப்பீங்க. ஆமா, 1977ல வந்த ‘ஆனி ஹால்’லேர்ந்து ஏறக்குறைய எல்லாப் படத்துக்கும் அதான், கறுப்புல வெள்ளை. ஆனா அவர் எடுத்தது லைட் கண்டென்ஸ்டு, ஒடுங்கின மெலிசு. ஒரு நேரத்துல திரையில கொஞ்சம் பெயர்கள்தான் வரும், நம்ம படிச்சு முடிக்கிற வரைக்கும் நிக்கும். அதுவும் கூப்பிடுறதுதான்!

தம்பி, நீங்க வேற ஒண்ணு கேட்டிருக்கணும். இதைப் பார்த்ததும் எல்லாரும் “எழுபதுகள் மாதிரி இருக்கு”ங்கிறோம். ஆனா எலீஷா பெச்சி வரைஞ்ச இதை, இங்கிலாந்துல ஷெஃபீல்டு ஊர் ஸ்டீஃபன்சன் பிளேக் கம்பெனி ஈயத்துல வார்த்து வித்தது 1905ல. அப்புறம் எப்படி எழுபதுகள்?

ஃபோட்டோ டைப்செட்டிங்தான் காரணம், அதாவது ஈயத்துக்குப் பதிலா ஃபிலிம்ல எழுத்துக் கோக்குறது. ஈயத்துல ஒவ்வொரு எழுத்தும் தனிக் கட்டை, கட்டையைச் செதுக்காம ரெண்டை ஒட்ட முடியாது. ஃபிலிம்ல அந்தத் தடை போச்சு, இடிக்கிற அளவுக்கு நெருக்கலாம். பழைய எழுத்தெல்லாம் ஈயச் செலவில்லாமத் திரும்பி வந்துச்சு. 1968ல ஆரம்பிச்ச ‘ஹோல் எர்த் கேட்டலாக்’ங்கிற அமெரிக்கப் புத்தகமும் விண்ட்சரை எடுத்துக்கிச்சு. அந்த நெருக்கத்தைத்தான் நம்ம கண்ணு எழுபதுகள்னு ஞாபகம் வெச்சிருக்கு.

அதனால போர்டுல நெருக்கிப் போட்டா ஒரு காலம், கொஞ்சம் இடம் விட்டுப் போட்டா வேற காலம். ரெண்டையும் பிரிண்ட் எடுத்து, ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்னு பாருங்க. மெனுவுக்கு காஸ்லான் ஃபாண்ட் மாதிரி சாதுவா ஒண்ணு போதும். கடைப் பேர்ல பெரிய ஆர் இருந்தா டிசைனை எனக்கு அனுப்புங்க, பார்க்கணும்.