ஹோனஸ் வாக்னர்: ஆட்டமும் அட்டையும்

பெருமதிப்பிற்குரிய சங்கத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, அரங்கைக் கட்டணமின்றித் திறந்துவிட்ட நூலக நிர்வாகிகளே, தூறலையும் பொருட்படுத்தாமல் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்தோரே, பிட்ஸ்பர்க் வாழ் தமிழ்ப் பெருமக்களே! அனைவருக்கும் வணக்கம். பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னரின் ஆட்டம், அவர் படம் அச்சிட்ட அட்டை, அவர் கையெழுத்திட்ட பந்துகள் என மூன்றைப் பற்றியும் பேசச் சொல்லியிருக்கிறார்கள்.

நம் ஊர் பி.என்.சி. பார்க் வாசலில் மட்டையோடு நிற்கும் சிலை அவருடையதுதான். 1874-இல் பென்சில்வேனியாவில் பிறந்தவர். 1900 முதல் 1917 வரை நம் ஊர் பைரேட்ஸ் அணிக்கு ஆடினார். எட்டு முறை லீகின் மட்டைச் சராசரியில் முதலிடம்; 700-க்கும் மேற்பட்ட பேஸ் திருட்டுகள், அதாவது பந்து அடிபடாமலேயே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வது. சாம்பியன் அணியைத் தீர்மானிக்கும் 1909 உலகத் தொடரில் எதிரணியான டெட்ராய்ட்டின் டை காப்புக்கு மட்டைச் சராசரி .231, வாக்னருக்கு .333. 1936-இல் பேஸ்பாலின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமுக்கு முதன்முதலாகத் தேர்வான ஐவரில் ஒருவர்.

இனி அட்டை. 1909 முதல் 1911 வரை வீரர்களின் படத்தை அச்சிட்டு சிகரெட் பெட்டிக்குள் வைத்து வந்த டி206 என்ற அட்டை வரிசையில் ஒன்று அது. தம் படத்தைப் போட வேண்டாம் என்று வாக்னர் தடுத்தார். குழந்தைகள் அதற்காகச் சிகரெட் வாங்குவார்களே என்ற கவலை என்பர் ஒரு சாரார். பணம் தராததால் என்பர் மறு சாரார். எப்படியோ, இன்று மிஞ்சியவை 60 அளவில்தான். 2022-இல் ஒன்று 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் நம் பெரியவர்கள். இந்த அட்டைக்கு அது அப்படியே பொருந்தும். ஏன் என்று கேளுங்கள்!

1985-இல் லாங் ஐலண்டில் ஒரு வாக்னர் அட்டை 25,000 டாலருக்கு விற்றது. வாங்கியவர் அட்டை வணிகர் பில் மாஸ்ட்ரோ. பிறகு அது 1991-இல் ஏலத்துக்கு வந்தது. ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் அவருடைய அணி உரிமையாளர் புரூஸ் மெக்நாலும் 4,51,000 டாலர் கொடுத்தார்கள். அட்டைகளின் நிலையைச் சோதித்து மதிப்பெண் தரும் பி.எஸ்.ஏ. நிறுவனம் முதன்முதலாகத் தரமிட்ட அட்டை அதுவே, பத்துக்கு எட்டு! பிறகு ஒரு கடைத்தொடர் அதைப் பரிசுப் போட்டியில் வைத்தது. விழுந்தது யாருக்கு? ஃபுளோரிடாவில் ஓர் அஞ்சல் ஊழியருக்கு! ஆனால் பரிசுக்கு வரி கட்ட வேண்டுமே. வைத்துக்கொள்ள வழியில்லாமல் விற்றுவிட்டார், 6,41,500 டாலர். 2000-இல் 12 லட்சத்தைத் தாண்டியது, 2007-இல் 28 லட்சம். 2013-இல் மாஸ்ட்ரோ நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்: அதன் ஓரத்தை நறுக்கியது அவர்தான். ஏல மோசடிக்காக 20 மாதச் சிறை.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு! டி206 அட்டையின் அளவு 36.5 க்கு 66.7 மில்லிமீட்டர். அக்காலத்தில் ஆலையிலேயே வெட்டு சீராக இருக்காது. ஆகவே அரை மில்லிமீட்டர் குறைந்தாலே போலி என்று சொல்லிவிடாதீர்கள். ஓரத்தைப் பாருங்கள். முகம் தேய்ந்து, மூலை மட்டும் கூர்மையாக, வெட்டுமுகம் வெள்ளையாக இருந்தால் கத்தி பட்டிருக்கிறது. அடுத்து 10 மடங்கு லென்ஸ். அசலில் கீழே உள்ள பெயர் பழுப்பு மையில் முழுக்கோடாக இருக்கும். மறுபதிப்பில் எழுத்தே புள்ளி புள்ளியாகச் சிதறும். புற ஊதா விளக்கில் தாள் நீலவெள்ளையாக ஒளிர்ந்தால், அது இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய தாள். ஊர்ப்பெயரையும் படியுங்கள்: 'பிட்ஸ்பர்க்' கடைசியில் 'எச்' இல்லாமல் இருக்க வேண்டும். அன்று நகரின் பெயரை அப்படித்தான் எழுதினார்கள்.

நாங்கள் ஊர் ஊராகச் சொல்லிவருவது ஒன்றுதான்: பழைய அட்டையை நறுக்காதீர்கள், அழிப்பானால் தேய்க்காதீர்கள், மடிப்பை அழுத்தி நிமிர்த்தாதீர்கள். மழுங்கிய மூலையும் அதன் வரலாறே. வாங்கும்போது, 'இதில் யாரும் கைவைக்கவில்லை' என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் எழுந்து வாருங்கள். வாங்கியதை பி.வி.சி. கலக்காத உறையில் போட்டு வெயில் படாமல் வையுங்கள். ரப்பர் பேண்ட் போட்டால் விளிம்பு அறுந்துபோகும்.

கையெழுத்துப் பந்துகளுக்குள் நுழைய நேரமில்லை. தலைவர் அவர்கள் பொறுத்தருள வேண்டும். வாசல் மேசையில் லென்ஸும் புற ஊதா விளக்கும் அளவுகோலும் வைத்திருக்கிறோம். அட்டை கொண்டுவந்தவர்கள் கைகளைக் கழுவித் துடைத்துவிட்டு வாருங்கள். ஒன்றொன்றாக அளந்து பார்ப்போம். வணக்கம்.